நைட் டியூட்டியை எங்கே ஒளித்துவைத்தீர்கள்?

ஆடி பிறந்துவிட்டால், அமெரிக்காவில் மேல்பயிற்சிக்கு விண்ணப்பிக்கப்போகிற நம் ஊர் டாக்டர் பிள்ளைகளின் பயோடேட்டா என் வாட்ஸ்அப்புக்கு பிடிஎஃப்பாக வரத் தொடங்கிவிடும். "அக்கா, நேரம் கெடச்சா ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு வரி, கூடவே ஒரு கோப்பு. தஞ்சாவூரிலிருந்து வரும், திருவாரூரிலிருந்து வரும், சிதம்பரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும். நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி 2022இல்தான் திறந்தார்கள் என்பதால் அங்கிருந்து இன்னும் வரவில்லை. கூடிய சீக்கிரம் வந்துவிடும்.

எனக்கு நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். எம்பிபிஎஸ் தஞ்சாவூரில். இப்போது அமெரிக்காவில் ஒரு நடுத்தர ஊரில் இன்டர்னல் மெடிசின் பார்க்கிறேன். ரெசிடென்டுகளை, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே மேல்பயிற்சி எடுக்கிற டாக்டர்களை, தேர்ந்தெடுக்கும் குழுவிலும் என்னைப் போட்டிருக்கிறார்கள். அதனால் செப்டம்பர் கடைசியில், ஊரில் குறுவை அறுப்பு நடக்கிற நேரத்தில், இங்கே என் மேசையில் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும். ஆடியில் ஊர்ப் பிள்ளைகள் அனுப்புவதையும் புரட்டாசியில் ஊர் உலகமெல்லாம் அனுப்புவதையும் சேர்த்துப் பார்க்கிறவள் என்பதால் சில விஷயங்கள் பளிச்சென்று கண்ணில் படுகின்றன.

ஊர்க் கோப்பைத் திறந்தால் முதலில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அப்புறம் அப்பா பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, திருமணம் ஆகாதவர். பத்தாம் வகுப்பு மார்க், பன்னிரண்டாம் வகுப்பு மார்க், எட்டாவது படிக்கும்போது வாங்கிய பேச்சுப் போட்டிப் பரிசு. கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்", இடம், தேதி, கையெழுத்து. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கிற அதே பயோடேட்டா. இத்தனைக்கும் நடுவில், தூக்கம் சாப்பாடு இல்லாமல் ஒரு வருஷம் வேலை பார்த்த ஹவுஸ் சர்ஜன் காலம் ஒற்றை வரியில் கிடக்கும்: "சிஆர்ஆர்ஐ முடித்தேன்."

என் சண்டையெல்லாம் அந்த ஒற்றை வரியோடுதான்.

பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. நம் ஊரில் யாரும் அவர்களிடம் "நீ என்ன செய்தாய்" என்று கேட்டதே இல்லை. எம்பிபிஎஸ் சேர நீட், எம்.டி. சேர நீட் பிஜி, அரசு வேலைக்கு எம்ஆர்பி தேர்வு. ரேங்க் வந்தால் கவுன்சலிங், சாய்ஸ் ஃபில்லிங், சீட். நடுவில் பயோடேட்டா கேட்கிற ஒரே ஆள் தனியார் மருத்துவமனை மேனேஜர்; அவருக்கும் "நைட் பாப்பீங்கல்ல டாக்டர்?" என்பதற்கு மேல் கேள்வி கிடையாது. ரேங்க் முறையை நான் பழிக்க மாட்டேன். சிபாரிசுக்கு ஆளில்லாத வீட்டுப் பிள்ளை மேலே வர அது ஒரு வழி. நானும் அந்த வழியில் வந்தவள்தான். ஆனால் அந்தப் பழக்கத்தோடு அமெரிக்க விண்ணப்பத்தின் முன்னால் உட்கார்ந்தால் கை ஓடாது.

அங்கே நடப்பது வேறு. 'மேட்ச்' என்று பெயர், 1952 முதல் நடக்கிறது. நீங்கள் மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அவர்கள் சிலரை மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள். அதன் பிறகு, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தரகரிடம் தனித்தனியாகப் பட்டியல் கொடுத்த மாதிரி, இரண்டு தரப்பும் விருப்ப வரிசை கொடுக்கிறது. பொருத்தம் பார்ப்பது கணினி. அந்தக் கணக்கை 1990களில் திருத்தியமைத்த ஆல்வின் ராத்துக்கு லாயிட் ஷேப்லியோடு சேர்த்து 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை முடிவு தெரியும். அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களில் விருப்ப வரிசை கொடுத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 2024இல் இடம் கிடைத்தது நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேருக்கு. இடம் கிடைக்காத மற்றவர்களும் தேர்வுகள் எல்லாம் எழுதித் தேறியவர்கள்தான்.

இன்னொன்று. சிவி என்று தனியாக ஒன்றை இணைக்கவே இடமில்லை. பெரும்பாலான துறைகளுக்கு ஈராஸ் என்ற இணையப் படிவம்தான் (மகப்பேறும் அவசர சிகிச்சையும் சமீபத்தில் வேறு படிவத்துக்குப் போய்விட்டன). நீங்கள் நிரப்புவதை வைத்து அதுவே சிவி போல ஒரு தாளைத் தயாரித்துக்கொள்ளும். ஃபான்ட்டுக்கும் பார்டருக்கும் டெம்ப்ளேட்டுக்கும் செலவழித்த ராத்திரிகள் வீண். 2023இல் இந்தப் படிவத்தை மாற்றினார்கள். அனுபவங்கள் அதிகபட்சம் 10. ஒவ்வொன்றையும் விவரிக்க 750 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. அந்தப் பத்தில் மூன்றை 'மிக முக்கியம்' என்று குறித்து, ஏன் முக்கியம் என்று தலைக்கு 300 எழுத்தில் சொல்லலாம். எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் வாங்கிய சான்றிதழ் எல்லாவற்றையும் அடுக்குவார்கள், படிக்கிறவருக்குக் கண் சொருகும்.

உங்கள் எழுத்தை யாராவது படிப்பதற்கு முன்னால் ஒரு வடிகட்டல் உண்டு: ஸ்டெப் 2 சிகே (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் இரண்டாம் கட்டம்) மதிப்பெண், படிப்பு முடித்த வருஷம், விசா. ஸ்டெப் 1 தேர்வில் 2022 ஜனவரி கடைசியிலிருந்து பாஸ், ஃபெயில் மட்டும்தான். எனவே கண்ணெல்லாம் ஸ்டெப் 2 மேல். சில இடங்களில் படிப்பு முடித்து ஐந்து வருஷம் தாண்டினால் பார்ப்பதில்லை. சில இடங்களில் விசா வேண்டும் என்றாலே பார்ப்பதில்லை. இதெல்லாம் பெரும்பாலும் அந்தந்த மருத்துவமனையின் இணையதளத்திலேயே போட்டிருக்கும். பார்க்காமல் நூறு இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். இடங்கள் கூடக் கூட ஒரு இடத்துக்கான கட்டணமும் ஏறும். என்னதான் நன்றாக எழுதினாலும் அது இந்தக் கட்டத்தைத் தாண்ட உதவாது. தாண்டிய பிறகு, ஒரே மாதிரி மதிப்பெண் வைத்திருக்கிற முப்பது பேரில் யாரைக் கூப்பிடலாம் என்று நாங்கள் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் எழுத்துக்கு வேலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு தம்பி அனுப்பினான், மன்னார்குடிப் பக்கத்துப் பையன். சிஆர்ஆர்ஐ பற்றி ஒரு வரிக்குப் பதில் மூன்று வரி எழுதியிருந்தான். தமிழில் சொன்னால் இப்படி: "பல்வேறு துறைகளில் சுழற்சி முறையில் பணியாற்றினேன். நோயாளிகளைப் பரிசோதிப்பதிலும் சீனியர்களுக்கு உதவுவதிலும் அனுபவம் பெற்றேன். குழுவாகப் பணியாற்றக் கற்றுக்கொண்டேன்." கராச்சியிலும் கெய்ரோவிலும் இருந்து விண்ணப்பிக்கிறவர்களும் அச்சு அசலாக இதையேதான் எழுதுகிறார்கள். போன் போட்டேன்.

"கேஷுவாலிட்டில ராத்திரி என்னடா பாப்ப?"

"எல்லாம் வரும்க்கா. ஆக்சிடென்ட், நெஞ்சுவலி, மருந்து குடிச்சது, பாம்புக்கடி..."

"பாம்புக்கடி வந்தா நீ என்ன பண்ணுவ? சீனியர் இல்ல, நீ."

"நான் என்னக்கா, பிளட் எடுத்துக் கண்ணாடி டியூப்ல விட்டு வெச்சுட்டு இருவது நிமிஷம் பாப்பேன். உறையலன்னா பிஜிகிட்ட சொல்லிட்டு ஏஎஸ்வி ஸ்டார்ட் பண்ணுவோம். பக்கத்துலயே அட்ரினலின் எடுத்து ரெடியா வெச்சுக்குவேன். அதெல்லாம் எல்லாரும் செய்யிறதுதானேக்கா. அதப்போயி எழுதுவாங்களா?"

எல்லாரும் செய்கிறதுதானே! டெல்டாப் பிள்ளைகள் வரிசையாக வந்து விழுகிற பள்ளம் இது. அவன் சொன்ன அந்தச் சோதனையைக் கொஞ்சம் விளக்குகிறேன், மருத்துவர் அல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் விட வேண்டும். 20 நிமிஷம் யாரும் தொடாமல் வைத்திருந்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால், கண்ணாடி விரியன் மாதிரியான பாம்பின் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் குழாய் ஆகாது, முடிவு தப்பாகிவிடும். லேப் திறந்திருக்க வேண்டாம், கரன்ட் வேண்டாம், வார்டிலேயே ஆகிவிடும். அவன் சொன்ன ஏஎஸ்வி, பாம்பு விஷமுறிவு மருந்து; அட்ரினலின், அந்த மருந்துக்கு அலர்ஜி வந்தால் போட; பிஜி, மேல்படிப்பு படிக்கிற சீனியர் டாக்டர். உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2017இல்தான். எங்கள் மருத்துவமனை ரெசிடென்டுகள் யாரும் இந்தச் சோதனையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் பாம்புக்கடி பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரி ரெண்டு மணிக்குப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, கையில் இருப்பதை வைத்து ஒரு முடிவுக்கு வந்து, அதை மேலே சொல்ல வேண்டியவரிடம் சொல்லி, மருந்து ஏறும்போது அலர்ஜி வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே தயாராக நின்ற ஆளா இவன்? விண்ணப்பத்தில் நாங்கள் தேடுவது அதைத்தான். முதல் வருஷ ரெசிடென்டுக்கு வேண்டியதும் அதுதான்.

அரை மணி நேரம் பேசிவிட்டுத் திருத்தி எழுதினோம். ஆங்கிலத்தில் 750 எழுத்துக்குள் அடங்கியது. தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"அரசு மருத்துவக் கல்லூரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி. சுற்றிலும் நெல் வயல்கள். அறுவடைக் காலத்தில் பாம்புக்கடி அடிக்கடி வரும். வந்தவரின் மூச்சு, இமை தொங்குகிறதா என்பது, கடிவாய் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை நானே செய்வேன். முடிவை முதுநிலை மருத்துவரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையில் விஷமுறிவு மருந்தைத் தொடங்குவதும், முதல் ஒரு மணி நேரம் அருகிலிருந்து ஒவ்வாமைக்குக் கவனிப்பதும் என் பொறுப்பு. கட்டுவிரியன் கடித்தவர்கள் வெறும் வயிற்றுவலி என்று வருவதுண்டு. அவர்களைத் தவறவிடாமலிருக்க ஒரு பக்கக் குறிப்பு எழுதி டியூட்டி அறைச் சுவரில் ஒட்டினேன். அடுத்த பேட்ச்சும் அதைப் பயன்படுத்துகிறது."

கடின உழைப்பாளி, ஆர்வமுள்ளவன், குழுவாகப் பணியாற்றக்கூடியவன் என்று இதில் எங்கேயும் இல்லை. ஆனால் மூன்றும் தெரிகிறது. அந்தச் சுவர்க் குறிப்பைப் பற்றி அவன் போனை வைக்கப்போகும் நேரத்தில்தான் சொன்னான், அதுவும் "சும்மா ஒரு சார்ட் ஒட்டினேன்க்கா" என்று. என்னைக் கேட்டால் அந்தப் பத்தியிலேயே கனமானது அந்த வரிதான். வேலையைச் செய்ததோடு நிற்காமல் வேலை நடக்கிற விதத்தையும் ஒரு துளி மாற்றியிருக்கிறான். இங்கே அதற்குத் தர மேம்பாடு என்று பெயர் வைத்து, ரெசிடென்டுகளுக்குத் தனியாகப் பயிற்சியே கொடுக்கிறார்கள்.

'மேற்பார்வையில்' என்ற சொல்லுக்காக ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. "சுயமாகக் கையாண்டேன்னு போட்டா கெத்தா இருக்குமேக்கா" என்றான். கெத்தாகத்தான் இருக்கும், ஆனால் படிக்கிறவருக்குப் பயமாகவும் இருக்கும். ஹவுஸ் சர்ஜன் தனியாக எதை முடிவு செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். எப்போது கூப்பிட வேண்டும் என்று தெரிந்தவன் என்று காட்டுவதே பெரிய தகுதி.

இப்படிச் 'சாதாரணம்' என்று விட்டுவிடுகிற விஷயங்கள் நம் பக்கம் ஏராளம். மழைக்காலம் முடிந்து வருகிற காய்ச்சல்களை எடுத்துக்கொள்ளுங்கள். டெங்குவும் இல்லை, டைஃபாய்டும் இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை என்று ஆன நோயாளியை ஒரு தங்கச்சி தலை முதல் கால் வரை தேடியிருக்கிறாள். புடவைக் கொசுவம் அழுத்துகிற இடுப்பு மடிப்பில், கறுத்த பொருக்குத் தட்டிய ஒரு சின்னப் புண். வலிக்காது, அதனால் அந்த அம்மாவுக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. ஸ்கிரப் டைபஸ், பூச்சிக்கடியால் வருகிற உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளின் போட்டால் பெரும்பாலும் ரெண்டு நாளில் காய்ச்சல் விடும். இதை அவள் படிவத்தில் எங்கேயுமே எழுதவில்லை. ஆனால் ஆன்லைனில் மூன்று மணி நேரம் பார்த்து வாங்கிய ஏதோ ஒரு சான்றிதழுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தாள். எல்லாவற்றுக்கும் ஸ்கேன் எடுக்கிற ஊரில், துணியை விலக்கி வெளிச்சத்தில் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு மதிப்பு உண்டு என்று சொல்லி அந்தச் சான்றிதழைத் தூக்கச் சொன்னேன்.

2021 இரண்டாம் அலையில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஆள் மாற்றி ஆள் காத்திருந்த வார்டில் நின்றவர்கள், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் வேதாரண்யம் பக்கம் முகாமுக்குப் போனவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு வருகிறவர்களை மாதாமாதம் பார்த்தவர்கள் எல்லாருக்கும் இதே பேச்சுதான். "முகாமில் கலந்துகொண்டேன்" என்று முடிக்காதீர்கள். என்ன செய்தீர்கள்? இன்சுலின் நனைந்துபோனவர்களைப் பட்டியல் எடுத்தீர்களா, டயாலிசிஸ் நோயாளிகளை வண்டி ஏற்றி அனுப்பினீர்களா, அதை எழுதுங்கள்.

எண்ணிக்கை போடலாம், போடுவதும் நல்லது. ஆனால் லாக் புக்கில் இருக்கிற எண்ணிக்கையைப் போடுங்கள். "1000 பிரசவம் பார்த்தேன்" என்று எழுதிய ஒருவரிடம் எங்கள் குழுவில் ஒரு பெரியவர் நாள் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த நேர்காணல் அதற்கப்புறம் நகரவே இல்லை. அதேபோல நோயாளியை அடையாளம் காட்டுகிற எதுவும் வரக்கூடாது. ஊர், வயது, தேதி, அபூர்வமான நோய் நான்கையும் சேர்த்து எழுதினால் பெயர் எழுதியது மாதிரிதான்.

சரி, நம்மவர்கள் பெரிதாக நினைக்கிறவை என்ன? முதலில் அப்சர்வர்ஷிப். லட்சக்கணக்கில் செலவு செய்து அமெரிக்கா வந்து ஒரு மாதம் டாக்டர் பின்னால் நின்று பார்ப்பது. அதற்குப் பயன் உண்டு: இங்கே வார்டு எப்படி ஓடுகிறது என்று தெரியும், ஒரு நல்ல பரிந்துரை லெட்டர் கிடைக்கலாம். ஆனால் நோயாளியைத் தொட அனுமதி இல்லாத இடத்தில் "சிகிச்சையளித்தேன்" என்று எழுதினால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். பார்த்தேன் என்றே எழுதுங்கள். அடுத்தது ஆராய்ச்சிக் கட்டுரை. பணம் கொடுத்துப் பத்தாவது ஆசிரியராகப் பெயர் சேர்க்கிற வியாபாரம் நம் பக்கமும் வந்துவிட்டது என்று கேள்விப்படுகிறேன். உங்கள் பெயர் இருக்கிற கட்டுரையில் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்பார்கள். பதில் தெரியாத கட்டுரையைவிடக் கட்டுரையே இல்லாதது எவ்வளவோ மேல். அனுப்பியதை 'வெளியானது' என்று போடாதீர்கள். படிவத்தில் அனுப்பியது, ஏற்கப்பட்டது, வெளியானது எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது.

கட்டுரை என்றதும் பெயர் ஞாபகம் வருகிறது. நம் இனிஷியல் விவகாரம் இந்தப் படிவங்களுக்குப் புரியாது. பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயர், எம்பிபிஎஸ் பட்டத்தில் முன்னால் இருந்த இனிஷியல் பின்னால், ஆதாரில் வேறு ஒன்று. வெளிநாட்டுப் படிவம் எல்லாமே குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரைத் தள்ளிவிடுவோம். என் அப்பா நெல்லைத் தவிர வேறெதையும் ஆராய்ந்தவர் இல்லை, பப்மெட் என்கிற மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலில் என் கட்டுரைகளெல்லாம் அவர் பெயரில்தான் இருக்கின்றன. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, ஆனால் முதல் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கடைசி வருஷத்தில் உட்கார்ந்து அபிடவிட் வாங்க அலைவது பெரிய தலைவலி.

லெட்டர். ஒரு இடத்துக்கு அதிகபட்சம் நான்கு போகும். நம் ஊரில் கேட்கப் போனால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." அன்பில் சொல்வதுதான், ஓபியில் இருநூறு பேர் நிற்கும்போது அவருக்கும் வேறு வழியில்லை. ஆனால் விளைவு என்ன? நான்கு பேராசிரியர்கள், நான்கு கையெழுத்து, ஒரே நடை. நான்கிலும் அதே 'மிகவும் ஒழுக்கமான மாணவர்'. லெட்டரை எழுதியவரே நேரடியாக இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. அதைப் பார்க்கிற உரிமை வேண்டாம் என்று நீங்கள் எழுதிக்கொடுப்பதும் வழக்கம். கொடுக்காவிட்டால் லெட்டரை நம்பிப் படிக்க மாட்டார்கள்.

இதற்கு நான் சொல்கிற வழி: லெட்டரை எழுதிக்கொண்டு போகாதீர்கள், ஞாபகக் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பக்கம். "சார், போன ஐப்பசியில் நாலாவது யூனிட்ல ஒரு ஹார்ட் ஃபெயிலியர் பேஷன்ட், நீங்க ரவுண்ட்ஸ்ல என்னய ஈசிஜி படிக்கச் சொன்னீங்க" என்கிற மாதிரி, அவர் கண்முன்னால் நீங்கள் செய்த நான்கு விஷயங்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு உங்கள் முகம் ஞாபகம் வரும். கையெழுத்துப் போடுகிற இடத்தில் நின்று, டீ வரும் வரை பேசினாலே பாதி லெட்டர் ஆகிவிடும். அவர் சொல்லச் சொல்ல அவருடைய பிஜி தட்டச்சு செய்துவிடலாம். துறைத் தலைவரின் பெயருக்காக, உங்களைத் தெரியாதவரிடம் வாங்குவதைவிட, உங்களோடு நைட் பார்த்த உதவிப் பேராசிரியரின் லெட்டர் எனக்கு உசத்தி. குழுவில் எல்லாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், என் கருத்து இது.

உங்கள் படிப்பையும் செயல்பாட்டையும் மதிப்பிட்டு டீன் ஆபீசிலிருந்து வர வேண்டிய எம்எஸ்பிஇ தாளுக்கு ஜூன் மாதமே போய்விடுங்கள். அது என்ன தாள் என்று புரியவைக்கவே சில நடை ஆகும்.

இடைவெளி வருஷங்களைப் பற்றி எல்லாரும் ஒளிந்து ஒளிந்து கேட்கிறார்கள். நீட் பிஜிக்கு ஒரு வருஷம் கோச்சிங் போனது குற்றமில்லை. ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். சொல்லாமல் விட்டால் படிக்கிறவர் அதைவிட மோசமானதைக் கற்பனை செய்துகொள்வார். அந்த வருஷத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் கிளினிக்கில் சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

மொழிகள் என்ற பகுதியில் தமிழைத் தாய்மொழி நிலையில் போடுங்கள். இந்தியைப் படம் பார்த்துக் கற்றதற்காக மேல்நிலை என்று போட வேண்டாம். நேர்காணலில் எதிரே லக்னோக்காரர் உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது, உற்சாகமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பொழுதுபோக்குக்கு இரண்டு மூன்று வரி இடம் உண்டு. வாசிப்பு, இசை, பயணம் என்று எழுதினால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். ஒரு பையன், கடைமடைக்காரன், பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: ஜூன் 12 மேட்டூர் திறந்தால் தண்ணீர் அவர்கள் வாய்க்காலுக்கு என்றைக்கு வந்து சேருகிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நோட்டில் எழுதிவருகிறானாம். திறக்காமல் போன வருஷங்களும், தள்ளிப்போன வருஷங்களும் அதில் இருக்கின்றன. "இது ஹாபியாக்கா?" என்றான். எழுதவைத்தேன். அவனைக் கூப்பிட்ட நேர்காணல்களில் பெரும்பாலும் பேச்சு அங்கேதான் தொடங்கியதாம்; ஒருவர் காவிரிப் படத்தைத் திரையில் போட்டு எங்கே உன் ஊர் என்று கேட்டிருக்கிறார்.

பெர்சனல் ஸ்டேட்மென்ட், அதாவது விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி நீங்களே எழுதித் தருகிற கட்டுரை, பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், எனக்கோ அதில் சொல்ல அதிகமில்லை. ஒரு பக்கம் போதும். பாட்டி இறந்த அன்று டாக்டராக முடிவு செய்தேன் என்று தொடங்காதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் வேண்டாம், அந்த வரிசை மிக நீளம். இந்தத் துறை ஏன், இதில் இதுவரை என்ன செய்தீர்கள், இனி என்ன செய்ய நினைக்கிறீர்கள், அவ்வளவுதான். எங்கிருந்தும் எடுத்து ஒட்டாதீர்கள். ஒரு பெரிய அமெரிக்க மருத்துவமனைக்கு வந்த ஏறக்குறைய 5,000 கட்டுரைகளை மென்பொருளில் போட்டுப் பார்த்ததை 2010இல் ஆய்வாக வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஐந்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் திருட்டு வரிகள். இப்போது திருடத் தேவையில்லை, ஏஐ எழுதிக்கொடுக்கிறது. யோசனை கேட்கவும் பிழை திருத்தவும் பயன்படுத்தலாம், எழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே சொல்லப்பட்டிருக்கிற வரம்பு. விதியை விடுங்கள், அடுத்தடுத்து நாற்பது படித்தால் எல்லாம் ஒரே வழவழப்பில் இருக்கும், எந்த முகமும் மனதில் நிற்காது. முதலில் தமிழில் பேசிவிடுங்கள். உங்கள் அக்காவுக்கோ அத்தைக்கோ சொல்வது போல வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். அதைக் கேட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணம் கொஞ்சம் தட்டினால் திருத்திக்கொள்ளலாம்.

அனுப்பும் முன் ஒன்று. உறுதிசெய்து சமர்ப்பித்துவிட்டால் அனுபவம், கட்டுரை எதையும் திருத்த முடியாது. முகவரி, போன் நம்பர் மாதிரியானவற்றை மட்டும் மாற்றலாம். அதனால் முன்கூட்டியே பிடிஎஃப் எடுத்து, பிரின்ட் போட்டு, மருத்துவர் அல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு "இந்தப் புள்ள என்ன வேலை பாத்துச்சு" என்று அவரைக் கேளுங்கள். சொல்ல முடியாமல் விழித்தால் மறுபடி உட்காருங்கள். பணம் கட்டுவதையும் கடைசி ராத்திரிக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கார்டு அப்பாவுடையது என்றால் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும், அவர் அந்நேரம் வயலில் மோட்டார் போட்டுவிட்டு போனை வீட்டில் வைத்திருப்பார்.